சொட்டு நின்ற பிறகுதான் வேலை

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் பிளம்பிங் வேலை பார்க்கும் அண்ணன்மார்களுக்கும், கேஸ் அடுப்பும் கீசரும் பழுதுபார்க்கும் தம்பிமார்களுக்கும் இதை எழுதுகிறேன்.

"கேஸ் கீசர் ஒழுகுது, வந்து பாருங்க" என்று ஒரு வீட்டிலிருந்து போன் வந்தால் உங்கள் பையில் என்னென்ன ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரெண்டு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், டெஃப்லான் டேப், ஒரு கைப்பிடி வாஷர், கூடவே ஒரு எம்-சீல். போகிறீர்கள், சொட்டுகிற இடத்தைத் தேடுகிறீர்கள், நட்டை ஒரு சுற்று இறுக்குகிறீர்கள், வாஷரை மாற்றுகிறீர்கள். சொட்டு நிற்கிறது. வீட்டுக்காரர் தரையைத் துடைத்துக்கொண்டே கூலியைக் கொடுக்கிறார். நீங்களும் அடுத்த வேலைக்கு வண்டியை எடுத்துவிடுகிறீர்கள். உங்களோடு எனக்கு வழக்கு இருப்பது இந்த வண்டி எடுக்கும் இடத்தில்தான். சொட்டு நின்ற அந்த நேரத்தில் உங்கள் வேலை பாதிகூட முடியவில்லை. மீதிப் பாதியைச் செய்யாமல் கிளம்புவது அந்த வீட்டாரின் உயிரை வைத்து விளையாடுவது. கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால், கடைசிவரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நம் பேச்சில் 'லீக்' என்பது ஒரே சொல். குழாய் சொட்டினாலும் லீக், சிலிண்டர் நாறினாலும் லீக். கேஸ் கீசர் என்ற அந்தச் சின்னப் பெட்டிக்குள் மூன்று விதமான லீக் இருக்கிறது. ஒன்று தண்ணீர். இரண்டாவது, எரியாமல் வெளியேறும் கேஸ். மூன்றாவது, எரிந்தபின் வெளிவரும் புகைக்காற்று. முதலாவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் உடனே ஆள் அனுப்புகிறார்கள். இரண்டாவது நாற்றம் அடிக்கிறது, அதனால் கொஞ்சம் தாமதித்தாவது கவனிக்கிறார்கள். மூன்றாவதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதற்காக இதுவரை ஒருவரும் உங்களுக்குப் போன் செய்திருக்க மாட்டார்கள். ஆபத்தைக் கொண்டு வரிசைப்படுத்தினால் இதே பட்டியல் தலைகீழாக வரும். அதைவிட முக்கியமான சங்கதி, இந்த மூன்றும் தனித்தனி வியாதிகள் இல்லை என்பது. முதலாவதைச் சரியாகப் பார்க்காமல் மூடிவிட்டால் மற்ற இரண்டும் அதிலிருந்தே பிறக்கின்றன. இதைப் பெட்டியைத் திறந்து வைத்தே பேசுவோம்.

கீசரின் கீழ்ப்பகுதியில், தண்ணீர் நுழைகிற பக்கம், உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளை உருண்டை ஒன்று இருக்கும். அதற்குள் வட்டமான ரப்பர் சவ்வு, டயாபிரம் என்பீர்கள். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் ஓட்டம் அந்த ரப்பரை உப்பச் செய்கிறது. ரப்பர் ஒரு மெல்லிய பின்னைத் தள்ளுகிறது. பின் அந்தப் பக்கமிருக்கும் கேஸ் வால்வைத் திறக்கவும், மைக்ரோ ஸ்விட்சைத் தட்டவும் செய்கிறது. ரெண்டு பெரிய பேட்டரியின் தயவில் பொறி பறந்து அடுப்பு பற்றிக்கொள்கிறது. குழாயை மூடினால் ஸ்பிரிங் பின்னைத் திரும்பத் தள்ளி, கேஸ் வால்வை அடைத்துவிடும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் வித்தியாசம் உண்டு, சிலவற்றில் சோலனாய்டு வால்வும் சேர்ந்திருக்கும். ஆனாலும் ஆதாரம் இதுதான். தண்ணீருக்கும் கேஸுக்கும் நடுவே இருப்பது அந்த ஒற்றைப் பின்னும், அதைச் சுற்றியிருக்கும் ஒரு சின்ன ஓ-ரிங்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். பித்தளை உருண்டைக்கும் கேஸ் வால்வுக்கும் நடுவிலுள்ள கழுத்திலிருந்து ஒரு சொட்டு விழுகிறது என்றால், அந்த ஓ-ரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். தண்ணீர் பின்னை நனைத்துக்கொண்டே இருக்கிறது. பின்னில் பச்சைக் களிம்பு ஏறுகிறது, ஸ்பிரிங்கில் துரு ஏறுகிறது. ஒருநாள் பின் உள்ளே போன இடத்திலேயே சிக்கிக்கொண்டால், குழாயை மூடிய பிறகும் கேஸ் அடைபடாது. தண்ணீர் ஓடாத செம்புக்குழாயின் அடியில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். இந்தக் கழுத்தின் மேல் எம்-சீலை அப்பிவிட்டு வருகிறவர் சொட்டை நிறுத்தியிருக்கிறார், வாஸ்தவம்தான். ஆனால் கேஸ் வால்வு சிக்கப்போகிறது என்று அந்தப் பெட்டி முன்கூட்டியே சொன்ன ஒரே எச்சரிக்கையையும் சேர்த்தே அடைத்துவிட்டார்.

மேலே இருந்து சொட்டுகிற கதை வேறு. அங்கே செம்புத் தகடுகளும் அவற்றை ஊடுருவிச் செல்லும் செம்புக் குழாயும் இருக்கின்றன. குழாயின் வளைவில், ஈயப் பற்று வைத்த இடத்தில், ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் அந்தத் தண்ணீர் நேராகப் பர்னரின் மேல் விழும். நீல ஜுவாலை மஞ்சளாகும். மஞ்சள் ஜுவாலை என்றால் கேஸ் முழுசாக எரியவில்லை என்று அர்த்தம்; முழுசாக எரியாத கேஸ் கரியைத் துப்பும்; கரி போய்ச் செம்புத் தகடுகளின் இடுக்கை அடைக்கும். இடுக்கு அடைந்தால் புகை மேலே போக வழியில்லாமல் பர்னருக்கே திரும்பி வந்து, ஜுவாலையை இன்னும் கெடுக்கும். இந்தச் சுழலின் முடிவில் வெளிவருவது கார்பன் மோனாக்சைடு. தண்ணீர் லீக் எப்படிப் புகை லீக் ஆகிறது என்பதற்கு இதைவிட நேரான சங்கிலி வேண்டியதில்லை. பெட்டியின் மேல்பக்கம் புகை வெளியேறும் பிளவில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். விரல் கறுத்தால், அந்த வீட்டுக்கு நீங்கள் வந்த காரணம் தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் சொட்டும் பழுது என்றும் நான் சொல்ல வரவில்லை. கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. தொட்டித் தண்ணீர் சில்லென்று இருக்கும் காலையில் அந்த ஆவி செம்புத் தகட்டில் பட்டு வியர்த்து, முதல் ஒன்றிரண்டு நிமிடம் சொட்டும். பெட்டி சூடானதும் தானே நின்றுவிடும். இதற்கு வாஷர் மாற்றிக் காசு வாங்குவது நியாயமில்லை. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: கேஸை அடைத்துவிட்டு, தண்ணீரை மட்டும் திறந்து, உலர்ந்த பழைய செய்தித்தாள் ஒன்றை அடியில் விரித்துக் கால் மணி நேரம் காத்திருங்கள். எரியாதபோதும் தாள் நனைந்தால் அது உண்மையான ஒழுக்கு. நனைந்த வட்டம் எந்த இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது என்று பார்த்தால் இணைப்பு நட்டா, கழுத்தா, அழுத்தம் கூடினால் திறந்துகொள்ளும் வால்வா, செம்பு வளைவா என்று தெரிந்துவிடும். அழுத்தம் விடுவிக்கும் வால்வு சொட்டினால் வால்வைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரின் அழுத்தத்தைப் பாருங்கள். மோட்டாரிலிருந்து நேராக இணைத்த வீடுகளில் அந்த வால்வு தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும். தண்ணீர் வருகிறது, பெட்டி பற்றவே இல்லை என்றால் டயாபிரம் கிழிந்திருக்கலாம். பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் நாலு நாளில் திரும்பவும் போன் வரும். கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது வேலையா என்று கேட்பீர்கள். இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை அதுதான் வேலையின் சாரம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். காத்திருந்து பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு.

இதெல்லாம் எங்கேயோ பெங்களூரிலும் ஊட்டியிலும் உள்ளவர்களுக்கு, மணமேல்குடிக்கு எதற்கு என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். வருஷத்தில் பத்து மாதம் வியர்த்துக் கொட்டும் ஊர் இது. வீட்டுக்கு வீடு கீசர் கிடையாது. ஆனால் இருக்கிற வீடுகள் எவை என்று பாருங்கள். வயதானவர்கள் இருக்கிற வீடு, பிள்ளை பெற்று வந்திருக்கும் வீடு, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழுந்த மாடி வீடு, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து விடுதி. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபின் நம் மாவட்டம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கரண்ட் வேண்டாம், ரெண்டு பேட்டரி போதும் என்கிற பெட்டியின் மேல் ஒருவருக்கு ஆசை வந்தால் அதில் தப்பு காண முடியாது. எண்ணிக்கை குறைவு என்பதே இன்னொரு ஆபத்தையும் கொண்டுவருகிறது. ஊருக்குள் நிறைய இருக்கும் பொருளின் கோளாறு எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அபூர்வமான பொருளின் கோளாறு அதைப் பழுதுபார்க்கிறவருக்கே தெரியாமல் போகும்.

போதாததற்கு நம் மண்ணும் காற்றும் இந்தப் பெட்டிக்கு எதிரி. நாள்பட போர்த் தண்ணீர் பட்ட குழாய் முனையில் என்ன படிகிறது என்று தினமும் பார்க்கிறவர்கள் நீங்கள். தண்ணீர் சூடாக ஆக அந்தப் படிவு வேகமாகச் சேரும். செம்புக் குழாயின் உள்சுற்றில் படிந்த உப்பு ஓட்டத்தைக் குறைக்கும். ஓட்டம் குறைந்த இடத்தில் செம்பு கூடுதலாகக் காயும். காய்ந்த இடத்தில் பற்று விடும். இதைக் கரைக்க எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கலந்து குழாய்க்குள் ஊறவிட்டு அலசினால் போதும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றினால் படிவோடு சேர்த்துப் பித்தளையையும் செம்பையும் அது அரிக்கும். இன்றைக்குப் பளபளக்கும், நாலு மாதத்தில் பொத்துக்கொள்ளும். வெளிப்பக்கத்தில் உப்புக்காற்று தன் பங்குக்கு ஸ்க்ரூ, ஸ்பிரிங், மைக்ரோ ஸ்விட்ச் எல்லாவற்றையும் தின்கிறது. மலைப்பிரதேசத்தில் பல வருஷம் உழைக்கும் பெட்டி கடலோரத்தில் அத்தனை வருஷம் உழைக்கும் என்று கம்பெனியின் கையேட்டை நம்பி யாருக்கும் உறுதி சொல்லாதீர்கள்.

இனி மூன்றாவது லீக்குக்கு வருகிறேன். நான் உங்களுக்கு எழுதுவதே முக்கியமாக இதற்காகத்தான். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் சின்னக் கீசர், தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற வேண்டுமென்றால் பத்து கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் தர வேண்டும். வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கேஸ் எரிகிறது. சமையலறையில் நாலைந்து பர்னரை ஒருசேர முழுசாகத் திறந்துவைத்தது போல. ஒரு கிலோ கேஸ் ஒழுங்காக எரிய சுமார் 13 கன மீட்டர் காற்று வேண்டும். அஞ்சடிக்கு ஆறடி, எட்டடி உயரம் உள்ள குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 7 கன மீட்டருக்குள்தான். ஆக, கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் பத்து நிமிடம் குளித்தால், அந்த அறைக் காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அந்தப் பெட்டி குடித்துவிடுகிறது. குளிக்கிறவர் சுவாசிப்பது மிச்சத்தை. அதுவும் புகை கலந்த மிச்சத்தை. ஆக்சிஜன் குறையக் குறைய ஜுவாலை முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கூடும். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு. பிறகு கால் தள்ளாடும். தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும் என்று தோன்றும்போது கை எழும்பாது.

இது கற்பனை பயம் இல்லை. கேஸ் கீசர் வைத்த குளியலறையில் மயங்கி விழுந்தும் வலிப்பு கண்டும் வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள், இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்து மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். காக்காய் வலிப்பு என்று நினைத்து மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு வியாதி மூளையில் இல்லை, குளியலறைச் சுவரில் தொங்குகிறது. 2023 மார்ச்சில் ஹோலியை ஒட்டி மும்பை காட்கோபரில் ஒரு தம்பதி குளியலறையில் இறந்து கிடந்தபோது முதல் சந்தேகம் கேஸ் கீசர் மேல்தான் விழுந்தது. 2025 அக்டோபரில் மைசூரு மாவட்டம் பிரியாபட்டணாவில் குளிக்கப்போன அக்காள் தங்கை இருவர், கீசர் வாயுவில் மூச்சடைத்து இறந்ததாகச் செய்தி வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால் இந்தக் குறை பெட்டியோடு கூடவே பிறந்தது. 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மான் என்பவர் முதன்முதலாகக் கேஸில் தண்ணீர் காயவைக்கும் கருவியைச் செய்து, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றை நினைத்து அதற்குக் கீசர் என்று பெயரிட்டார். அதில் புகைபோக்கி கிடையாது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பிறகும் நம் ஊர்க் குளியலறைகளில் அதே தப்பை நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

"எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே" என்பீர்கள். உள்ளே காற்று வர வழி வைக்காமல் வெளியேற்றும் ஃபேனை மட்டும் ஓடவிட்டால் அறைக்குள் அழுத்தம் குறையும்; மேலே போக வேண்டிய புகையை அது குளிக்கிறவர் பக்கமே இழுத்து வந்துவிடலாம். "வென்டிலேட்டர் இருக்கே" என்றால், மார்கழிப் பனியில் அதை அட்டையால் அடைத்துவைக்காத வீடு எத்தனை என்று நீங்களே சொல்லுங்கள். இந்தப் பெட்டியைப் பயன்படுத்தும் மாதமும் ஜன்னலை அடைக்கும் மாதமும் ஒன்றே என்பதுதான் சிக்கல். ஆகவே கேஸ் கீசருக்கு இடம் குளியலறைக்கு வெளியே, திறந்த வெளிச் சுவரில். வெந்நீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வரட்டும். குளியலறைக்குள் மாட்டாதே என்று பெரும்பாலான கம்பெனிகளின் கையேட்டிலேயே இருக்கிறது. பெட்டியைப் பிரித்ததும் குப்பைக்குப் போகும் முதல் பொருள் அந்தக் கையேடுதான். "வெளியே மாட்டினால் உப்புக்காற்று ரெண்டு வருஷத்தில் தின்றுவிடும்" என்று இங்கே மட்டும் எழக்கூடிய ஒரு எதிர்ப்பு இருக்கிறது. உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. கொண்டலும் வாடையும் நேராக அறையாத மேற்குச் சுவரில், சன்ஷேடுக்குக் கீழே மாட்டுங்கள். அப்படியும் சீக்கிரம் துருப்பிடித்தால் பிடிக்கட்டும். துருப்பிடித்த பெட்டிக்குக் கடையில் மாற்று உண்டு.

"நாங்க பிளம்பர், கேஸ் எங்க வேலை இல்லை" என்கிற பதிலை மதிக்கிறேன். சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் ஆகியவற்றில் கைவைக்க வேண்டியவர் ஏஜென்சி அனுப்பும் ஆள். தெரியாமல் நீங்கள் தொடக்கூடாது. ஆனால் தொடாமலிருப்பது வேறு, பார்க்காமலிருப்பது வேறு. கேஸ் போகும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்க ஒரு லைசென்ஸும் வேண்டாம். நுரையில் குமிழ் எழுந்தால் சிலிண்டர் வால்வை அடைத்து, ஜன்னலைத் திறந்து, ஸ்விட்ச் எதையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுக்கும் எண் அது. டியூபின் மேல் அச்சிட்ட தேதியைப் படித்துப் பாருங்கள். ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபுக்கே அஞ்சு வருஷம்தான் ஆயுசு. டியூப் சுவருக்குள் புதைந்து போகிறதா, அடுப்புக்கும் கீசருக்கும் சேர்த்து நடுவில் டி போட்டுக் கம்பி முறுக்கியிருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு படரும், மூக்குக்கு எட்டும் முன் கீழே தேங்கும். தீக்குச்சி கிழித்து லீக் பார்ப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் விவாதிக்க எனக்கு ஒன்றும் இல்லை, நிறுத்துங்கள்.

கேஸ் மெக்கானிக் தம்பிமார்களிடம் ஒரு குறை தனியாகச் சொல்ல வேண்டும். அடிக்கடி அணைந்து போகிறது என்று வீட்டுக்காரர் புலம்பினால், அதிகச் சூட்டில் கேஸை நிறுத்தும் சென்சாரின் ரெண்டு வயரையும் பிடுங்கி ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிடும் வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. பெட்டி அதற்குப் பிறகு அணையாது. கழுத்துப் பின் சிக்கிக்கொள்ளும் நாளிலும் அணையாது. அந்தச் சென்சார் அணைத்தது என்றால் அதற்குக் காரணம் இருந்தது: ஓட்டம் குறைவு, உப்புப் படிவு, கரி. காரணத்தைத் தேடுவதற்குத்தான் உங்களைக் கூப்பிட்டார்கள். ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு எஞ்சினின் சூட்டு மீட்டர் சிவப்புக்குப் போனால், மீட்டர் வயரைப் பிடுங்கிவிட்டுப் படகைக் கடலுக்கு அனுப்பும் மெக்கானிக்கை அந்தக் கரையில் மறுநாள் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். வீட்டுக்குள் இருக்கும் எஞ்சினுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

கடைசி எதிர்ப்புதான் கனமானது: கூலி. "சொட்டை நிறுத்தத்தான் கூப்பிட்டாங்க. அதை இதைச் சொல்லி, பெட்டியைக் கழற்றி வெளியே மாட்டணும்னா, காசு பிடுங்கப் பார்க்கிறான்னு சொல்வாங்க. நான் மாட்டேன்னா அடுத்த தெருக்காரன் வந்து மாட்டிட்டுப் போவான்." இதில் பொய் ஒன்றுமில்லை. ஒருவர் மட்டும் மறுத்தால் அவருக்கு நஷ்டம்தான். இதைத் தனி ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுவதற்குக் காரணமும் அதுவே. இந்த வட்டாரத்தில் கேஸ் கீசரைத் திறக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இல்லை. பெரும்பாலும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ஒரே ஹார்டுவேர் கடையில் சாமான் வாங்குகிறவர்கள். நீங்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அடுத்த தெருக்காரர் என்று ஒருவர் இருக்க மாட்டார். சோதித்துப் பார்ப்பதற்கென்று தனிக் கூலி கேளுங்கள். அது வெட்கப்பட வேண்டிய காசு இல்லை. டாக்டர் மருந்து எழுதாமல் 'ஒன்றுமில்லை, போகலாம்' என்றாலும் ஃபீஸ் வாங்குகிறார், நாமும் கொடுக்கிறோம். கொடுக்க முடியாது என்கிற வீட்டுக்காரரிடம், பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு விறகடுப்பிலோ கேஸ் அடுப்பிலோ வெந்நீர் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கரையில் பிள்ளை பெற்றவர்கள் அண்டாவில் காய்ச்சித்தான் குளித்தார்கள். விடுதிக்காரர்களிடம் இன்னும் கறாராக இருங்கள். ஒரு ராத்திரி தங்க வருகிற ஆளுக்கு அந்தப் பெட்டியின் குணம் தெரியாது, கதவைத் தாழிட்டு நீண்ட நேரம் குளிப்பவரும் அவர்தான்.

வீட்டாரிடம் சொல்லிவிட்டு வர வேண்டியதும் ஒன்று உண்டு. குளிக்கப் போனவர் கூப்பிட்டும் குரல் கொடுக்கவில்லை என்றால் கதவை உடைத்து, கேஸை அடைத்து, ஆளைத் திறந்த வெளிக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டும். உள்ளே நின்று முதலுதவி பார்த்தால் காப்பாற்றப் போனவரும் விழுவார். 108-ஐக் கூப்பிட்டு, அறந்தாங்கி அரசு மருத்துவமனைக்கோ புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்ச் சேர்ந்ததும் முதல் வார்த்தையாக 'கேஸ் கீசர்' என்று சொல்ல வேண்டும். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தைக் கண்டுபிடிக்காது; ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு நிறைந்திருந்தாலும் சாதாரண கருவி நல்ல எண்ணையே காட்டும். எண்ணைப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடக் கூடாது. சுத்தமான ஆக்சிஜன்தான் மருந்து, அதுவும் சீக்கிரம் கிடைத்தால்தான். இதைப் பழுதுபார்க்க வந்த நீங்கள் சொன்னால் மனதில் நிற்கும். பெட்டியைப் பற்றி அந்த வீட்டில் பேசத் தெரிந்த ஒரே ஆள் அந்த நேரத்தில் நீங்கள்தான்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். சொட்டு நின்றபின் உடனே கிளம்பாதீர்கள். கேஸ் இணைப்பில் சோப்பு நுரை போட்டுப் பாருங்கள், ஜுவாலை நீலமா மஞ்சளா என்று குனிந்து பாருங்கள், தண்ணீரை அடைத்ததும் அடுப்பு சட்டென்று அணைகிறதா என்று நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். ஐ.எஸ். 15558 என்ற ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பெட்டிக்கு உதிரி பாகம் தேடி அலையாதீர்கள். கழற்றிப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லுங்கள். குளியலறைக்குள் இருக்கும் கேஸ் கீசரை, எவ்வளவு கூலி தந்தாலும், கழற்றிய அதே ஆணியில் திரும்ப மாட்ட மாட்டோம் என்று நீங்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடி முடிவெடுங்கள். சோதித்த தேதியையும் உங்கள் போன் நம்பரையும் பெட்டியின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதிவிட்டு வாருங்கள். அடுத்த மார்கழிக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்; நம் ஊரில் ஜன்னலை அடைத்துக்கொண்டு வெந்நீரில் குளிப்பது அந்த மாதத்தில்தான்.